க/பெ

பிரம்மி விடிந்ததும் இறந்தாள். வெயில் ஏறுவதற்குள் அவள் எனக்கு யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

கேட்டவர் அவளுடைய அப்பா நேமிராஜ். மேல்சித்தாமூர் ஜைனர், நெல் வியாபாரம். நாங்கள் சேர்ந்து வாழ்ந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கள் வாசலுக்கு வராதவர். காய்ச்சலில் அவள் படுத்திருந்தபோதும் வரவில்லை. செத்துவிட்டாள் என்றதும் வந்தார். மகன் அனந்த், ஒரு ஆம்புலன்ஸ், வெள்ளைத் துணி எல்லாம் கூடவே வந்தன. ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரிப் பின்கட்டில், பிணவறைக்கு முன்னால், நான் அங்கே இல்லாததுபோல சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசினார்.

"உள்ள இருக்கிறது என் பொண்ணு. இவன் யாருன்னு மொதல்ல கேளுங்க."

"வீட்டுக்காரர்," என்றேன்.

"எந்த வீட்டுக்கு?" என்றான் அனந்த்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தாள். பெயர் சுமலதா. தொண்டூர்ப் பெண். இந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"சார், உக்காருங்க சார்," என்றாள். உட்கார அங்கே எதுவும் இல்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு உரக்கடையின் மாடியில் நான் போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். என் பாடம் அரசியலமைப்பு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நாள் இதை நடத்துவேன், பிறகு திருப்புதலில் பல தடவை கேட்பேன். தனிமனித உரிமை இரண்டு கையிலிருந்து வரும். ஒன்று நாடு முழுவதற்கும் பொதுவானது: அரசமைப்பின் அடிப்படை உரிமைகள், அதற்குக் கீழே மத்தியச் சட்டங்கள். மற்றது மாநிலம் தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுப்பது. அமெரிக்காவில் மாநிலத்துக்குத் தனி அரசமைப்பே உண்டு. நமக்கு அது இல்லை. நமக்கு இருப்பது சட்டத் திருத்தம். சில விஷயத்தில் மாநிலம் மத்தியத்தைவிடத் தாராளமாகக் கொடுக்கும். ஆனால் அது கொடுப்பது எல்லைக்கல் வரைக்கும்தான்.

உதாரணத்துக்குக் கல்யாணத்தைச் சொல்வேன். இந்து திருமணச் சட்டம் மத்தியச் சட்டம். அதன் ஏழாம் பிரிவு சடங்கு கேட்கும். தமிழ்நாடு அதில் 'ஏழு ஏ' என்று ஒன்றைச் சேர்த்தது. ஐயர் வேண்டாம், தீ வேண்டாம். சாட்சிக்கு நாலு பேர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். இந்தச் சட்டத்தில் ஜைனரும் இந்து என்ற சொல்லுக்குள் வந்துவிடுவார்கள்.

பையன்களுக்கு மறக்காமல் இருக்க ஒரு வரி வைத்திருந்தேன்.

"ஏழு ஏ?"

"ஓசூர் வரைக்கும்!" என்று வகுப்பே கத்தும்.

"ஒரு ஜோடி ஓசூர் தாண்டிப் போய் பெங்களூருல மாலை மாத்திக்கிட்டாங்க. சடங்கு கிடையாது. செல்லுமா?"

"செல்லாது சார்!"

அப்போது அடுத்த அறையில் அட்மிஷன் மேஜையிலிருந்து ஒரு குரல் வரும். "செல்லும்!"

வகுப்பு சிரிக்கும். அந்தக் குரல் பிரம்மியுடையது. அந்த ஜோடியும் நாங்கள்தான். பையன்களுக்கு அது தெரியாது.

பெங்களூருக்குப் போகலாம் என்றவள் அவள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் முப்பது நாள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அதுவும் மத்தியச் சட்டம்தான். எந்த மதத்தவரும் யாரையும் கட்டிக்கொள்ள உரிமை கொடுத்துவிட்டு, அப்பன் வந்து இழுத்துப்போக முப்பது நாளும் கொடுக்கும். இந்த மாவட்டத்தில் எந்தப் பதிவு ஆபீஸ் வாசலிலும் நேமிராஜுக்குத் தெரிந்த லாரிக்காரன் ஒருவன் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"ஓசூர் தாண்டிட்டா நைனா கை எட்டாது," என்றாள்.

நண்பன் அறையில், நாலு பேர் முன்னால், மாலை மாற்றி மோதிரம் போட்டுக்கொண்டோம். ஏழு ஏ மாநிலத் திருத்தம் என்பது எனக்கு அன்றும் தெரியும். அந்த அறை கர்நாடகாவில் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. மோதிரம் அவள் விரலில் இறுக்கமாக இருந்தது. அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி, கொஞ்சம் அடங்கிய பிறகு பதியப் போனோம். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன்.

"எங்க நடந்துச்சு தம்பி?"

"பெங்களூர்."

பேனாவை மூடினார். "அப்ப இது இங்க ஆவாது. ஏழு ஏ நம்ம ஸ்டேட்டோட சரி. அதனால இன்னா இப்போ? கீழ பூக்கடை இருக்குது. ரெண்டு மாலை வாங்கினு வாங்க. இங்கயே மாத்திக்குங்க, பதிஞ்சுடறேன்."

நான் எழுந்தேன், மாலை வாங்க. பிரம்மியும் எழுந்தாள். நின்றுகொண்டே சொன்னாள்.

"வேணாம் சார். மறுபடி கட்டிக்கிட்டா, இத்தனை நாளா கட்டிக்காம இருந்தேன்னு நானே கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும். அதை நான் போட மாட்டேன்."

படியிறங்கும்போது கேட்டேன். "நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா?"

"இன்னா பிரச்சினை? நீ ஓடப்போறியா?"

"இல்ல."

"நான் ஓடப்போறேனா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? பசிக்குது, வா."

அதற்குப் பிறகு அவள் அந்த ஆபீஸ் பக்கம் போகவில்லை.

பிணவறை முன்னால் சுமலதா நோட்டைத் திறந்தாள். "சார், மேரேஜ் சர்ட்டிபிகேட் இருக்குதா?"

"இல்ல."

"எந்த ஊர்ல நடந்துச்சு?"

சொன்னேன். அவள் எழுதவில்லை. என்னைப் பார்த்தபடி சின்னக் குரலில் சொன்னாள்.

"ஏழு ஏ, ஓசூர் வரைக்கும். நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க. பரீட்சையில அந்தக் கேள்வி வந்துது. உங்களாலதான் எனக்கு அந்த மார்க்கு."

"சந்தோஷம்," என்றேன்.

"வாத்தியாரே, உன் பாடம்தான் சொல்லுது," என்றார் நேமிராஜ். "நீ யாரும் இல்ல. எங்க பொண்ணு கல்யாணம் ஆவாத பொண்ணு. நாங்க எடுத்துனு போறோம். பொழுது சாயறதுக்குள்ள காரியம் முடியணும்."

"அரசமைப்புன்னு ஒண்ணு இருக்குது," என்றேன். "யாரைக் கட்டிக்கணும்னு முடிவு பண்றது அவ உரிமை. உயிர் வாழ்ற உரிமையில அதுவும் ஒண்ணு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது."

"உயிர் வாழ்ற உரிமை," என்றான் அனந்த். "உள்ள போய்ச் சொல்லு, கேக்கட்டும்."

அனந்த் தன் செருப்பைப் பார்த்தான். அவனுக்கே அது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும்.

சுமலதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், கோர்ட்டுக்குப் போனா உங்க பக்கம் நியாயம் கிடைக்கலாம். அதுக்கு வருஷம் ஆவும். பாடி அதுவரைக்கும் தாங்காது."

"இப்ப இன்னா பண்ணணும்?"

அவள் சொல்வதற்குள் நேமிராஜ் கிட்டே வந்துவிட்டார். வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஒப்பித்தார்.

"ரெண்டே வழி. இவ என் பொண்டாட்டி இல்ல, தெரிஞ்ச பொண்ணு, ஒரே வீட்டுல குடியிருந்தோம்னு எழுதிக்குடு. காய்ச்சல்ல செத்துப்போச்சு, எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்லன்னு நான் எழுதறேன். முழுசா எடுத்துனு போயிடுவோம். பொண்டாட்டிதான்னு நீ நின்னியானா, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள என் பொண்ணு செத்துப்போச்சு, புருஷன் மேல சந்தேகம்னு நான் மனு குடுப்பேன். சொந்தக்காரன் கேட்டா போஸ்ட்மார்ட்டம் பண்ணியே ஆவணும். சட்டம் அப்படி. சரிதானம்மா?"

"சரிதான் சார்," என்றாள் சுமலதா. பிறகு என்னிடம், "புது கிரிமினல் சட்டத்துல நூத்தித் தொண்ணூத்தி நாலாவது பிரிவு. ஆர்.டி.ஓ. விசாரணையும் வரும்."

"அது மத்தியச் சட்டம்," என்றேன்.

"ஆமா சார். அதுக்கு ஓசூர் கிடையாது."

அவள் குத்திச் சொல்லவில்லை. நல்ல மாணவி. கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"கல்யாணமே நடக்கலன்னு நீங்கதான் சொல்றீங்க," என்று நேமிராஜிடம் கேட்டேன். "நடக்காத கல்யாணத்துக்கு எப்படி ஏழு வருஷம் எண்ணுவீங்க?"

"அதை நீ சொல்லு. நடந்துச்சா, நடக்கலையா? உன் வாயாலயே சொல்லு."

நான் உள்ளே போய் அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். சுமலதா விட்டாள்.

முகம் சரியாகவே இருந்தது. கைகள் வீங்கியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நர்ஸ் சோப்புப் போட்டுக் கழற்றப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. விரலில் சோப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன்.

அவளுக்குக் கத்தி ஆகாது. கிழங்கை வெட்டுவது அவர்கள் வீட்டில் பாவம்; கல்யாணத்துக்குப் பிறகும் உருளைக்கிழங்கு நறுக்க மாட்டாள். நான் நறுக்கினால் சாப்பிடுவாள். "பாவம் உனக்கு, ருசி எனக்கு," என்பாள். பீன்ஸ் நறுக்கும்போது ஒரு தடவை விரலில் பட்டு, ரத்தத்தைப் பார்க்காமல் கையை என் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிடும்போது டி.வி.யில் ஏதோ ஒரு சாவுச் செய்தி ஓடியது. உறவுக்காரர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். மறு பிரேதப் பரிசோதனை வேண்டுமாம். "எனக்கு இன்னா ஆனாலும் வெட்ட மட்டும் விடாதே," என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "சரி," என்றேன். "சரியா சொல்லு." "சரி, விட மாட்டேன்." "அப்பளம் எடு."

வெளியே வந்தேன். வெயிலில் ஆம்புலன்ஸ் டிரைவர் சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டை மலையில், ராஜகிரி மேல், கொடிபோல ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. யுனெஸ்கோ பட்டம் வந்தபிறகு வார நாளிலும் கூட்டம்.

"எழுதறியா?" என்றார் நேமிராஜ். பேப்பரை அவரே வைத்திருந்தார். நான் எழுத வேண்டிய வாக்கியத்தையும் எழுதி வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. 'மேற்படி பிரம்மி எனக்குத் தெரிந்த பெண். எங்களுக்குள் திருமணம் நடைபெறவில்லை.'

அவள் என்னிடம் சொன்னது இரண்டு. ஒன்று சாப்பிட்டுக்கொண்டு சொன்னது. இன்னொன்று எழுந்து நின்று சொன்னது.

"அவ என் பொண்டாட்டி," என்றேன்.

நேமிராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது. வெட்டுவார்கள் என்றதும் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தார். என் இடத்தில் அவர் இருந்தால் போட்டிருப்பார். அவர் அவளை அந்த அளவுக்கு நேசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"யோசிச்சு சொல்லு."

"சொல்லிட்டேன்."

"நைனா, வேணாம்," என்றான் அனந்த். "விட்ருங்க நைனா. எப்படியோ போவட்டும். வெட்ட வேணாம்."

"நீ சும்மா இரு. பொண்டாட்டின்னு சொல்லிட்டான் இல்ல? பொண்டாட்டியாவே போவட்டும்." சுமலதாவிடம் திரும்பினார். "பேப்பர் குடும்மா."

சைக்கிள் ஸ்டாண்டின் சிமென்ட் கட்டையில் வைத்து எழுதினார். வியாபாரிக் கையெழுத்து, நேராக இருக்கும். முதல் வரியிலேயே சுமலதா விரலை வைத்தாள்.

"சார், த/பெ நேமிராஜ்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. பொண்ணோட அப்பன் நான்தானே?"

"அப்படிப் போட்டா மனு நிக்காது சார். கல்யாணம் ஆன பொண்ணுன்னு சொல்லித்தான் ஏழு வருஷம் கேக்கறீங்க. க/பெ போடணும். புருஷன் பேரு."

நேமிராஜ் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டும் போட்டா?"

"இறந்தவங்களுக்கு ஒண்ணுதான் சார். மனுதாரர்னு கீழ உங்க பேரு வரும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு கும்பிடு போட்டிருந்தால், அந்தப் பேப்பரைக் கிழித்திருப்பார். அவர் கை அதற்காகத்தான் காத்திருந்தது.

"பேர் தெரியலையா?" என்றேன். "பார்த்திபன். ஒற்றெழுத்து எல்லாம் சரியா போடுங்க."

த/பெ நேமிராஜ் என்பதை அடித்தார். அதற்கு மேலே க/பெ பார்த்திபன் என்று எழுதினார். அடித்த இடத்தில் பேப்பர் கிழிந்தது.

உடலை மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் காலியாகத் திரும்பியது. அன்று பொழுது சாய்ந்துவிட்டது என்று மறுநாளைக்குத் தள்ளினார்கள். இரண்டு குடும்பத்துக்கும் அங்கே ஒரே மரம்தான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். அனந்த் இட்லி வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினான்.

"இருட்டிப்போச்சுடா," என்றார் நேமிராஜ். இருட்டிய பிறகு அவர் சாப்பிடுவதில்லை.

அனந்த் பொட்டலத்தோடு நின்றான். பிறகு என் பக்கம் நீட்டினான். நான் வாங்கிச் சாப்பிட்டேன். பசித்தது.

"எங்க வீட்டுல கிழங்குகூட நறுக்க மாட்டோம்," என்றார் நேமிராஜ், யாரிடமும் இல்லாமல்.

"நறுக்கச் சொல்லி மனு குடுத்தது நீங்க," என்றேன்.

மறுநாள் மத்தியானம் உடலைக் கொடுத்தார்கள். நேமிராஜ் முன்னால் ஓடினார். ஊழியர் தடுத்தார்.

"க/பெ பார்த்திபன் யாருங்க? புருஷன் வாங்க. கையெழுத்து போடுங்க."

"நான் அப்பன்," என்றார் நேமிராஜ்.

"உங்க மனுவுலதான்யா புருஷன்னு போட்டிருக்குது. ரெக்கார்டுப்படி அவருக்குத்தான்."

அவர் சுமலதாவைத் தேடினார். அவள் போனில் பேசுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன். மோதிரத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டித்தான் எடுத்திருந்தார்கள். இரண்டு துண்டு.

அவளைச் செஞ்சிச் சுடுகாட்டில் எரித்தேன். நேமிராஜ் வெளியே ரோட்டில் நின்றார். அப்பா உள்ளே வரட்டுமா என்று அனந்த் வந்து கேட்டான். "சொந்தக்காரங்க மட்டும்," என்றேன். அவன் போய்ச் சொன்னான். அவர் அங்கேயே நின்றார்.

ரிப்போர்ட் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரி முதலிலேயே சொன்னதுதான். ஆனாலும் மனு மனுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து சம்மன் வந்தது. பிரம்மி, க/பெ பார்த்திபன் என்பவரின் மரணம் தொடர்பாக, சந்தேகத்துக்குரிய கணவராகிய நான் ஆஜராக வேண்டும். ஆஜரானேன். வரதட்சணை கேட்டாயா, அடித்தாயா, சாப்பாடு போட்டாயா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை, அவள்தான் போட்டாள். கல்யாணம் செல்லுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பை மறுபடி ஆரம்பித்தேன். அதே பேட்ச்சுக்குத் திருப்புதலில் அந்தப் பாடம் வந்தது.

"ஏழு ஏ?"

"ஓசூர் வரைக்கும்!"

"ஒரு ஜோடி பெங்களூருல மாலை மாத்திக்கிட்டாங்க. செல்லுமா?"

"செல்லாது சார்!"

பையன்கள் சிரிக்கத் தயாராக அடுத்த அறைப் பக்கம் திரும்பினார்கள். பழக்கம். பிறகு ஒருவனுக்கு நினைவு வந்து குனிந்துகொண்டான். நான் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். சான்றிதழில் கணவர் பெயர் வர வேண்டும் என்றேன். அங்கிருந்த பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"கல்யாணம் ஆனதுக்கு ஏதாவது ப்ரூப் இருக்குதா?"

சம்மனைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இதுல உங்க மேலதானே சந்தேகம்?"

"ஆமா."

"கவர்மென்ட் சீல் இருக்குது." பேப்பரை வெளிச்சத்தில் பிடித்தாள். "க/பெ பார்த்திபன். பார்த்திபன் நீங்கதானே?"

"நான்தான்."

"சரி, இது போதும்." கம்ப்யூட்டரில் ஏற்றினாள். "எத்தினி காப்பி வேணும்?"

"ரெண்டு."

ஒன்றை வைத்துக்கொண்டேன். இன்னொன்றைக் கவரில் போட்டு, பெறுநர் நேமிராஜ், மேல்சித்தாமூர் என்று எழுதினேன். அனுப்புநர் இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். பிறகு 'மருமகன்' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.